வீடும் விடுதலையும்

சொல் இல்லாத இசை ஒரு கருத்தைச் சொல்லுமா? இக்கேள்வி பழையது. துக்கத்தையும் களிப்பையும் குழலும் யாழும் உணர்த்தும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால், 'என்னை நீ தாழ்த்தினாய். நான் தாழ்ந்தவன் அல்லன்' என்று ஒரு வாத்தியம் எடுத்துரைக்க இயலுமோ? அநியாயத்தை எடுத்துக் கூற வாக்கியம் வேண்டும். வாக்கியத்திற்குச் சொல் வேண்டும். சொல்லோ ஊதுகுழலில் பிறப்பதில்லை. ஆகவே, உரிமையைப் பற்றிப் பேச விரும்புகிறவன் மேடை ஏறவேண்டும், அல்லது பேனா பிடிக்கவேண்டும். வாத்தியக்காரன் வாசித்துவிட்டுப் போகவேண்டியதுதான் என்பது பொதுவான அபிப்பிராயம்.

இவ்வபிப்பிராயம் முற்றும் சரியன்று என்பதற்கு ஓர் இசைத்தட்டு சான்றாக இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் நகரிலே, 1958ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அது பதிவு செய்யப்பட்டது. 'ஃப்ரீடம் சூட்' என்பது அதன் பெயர். தமிழிலே 'விடுதலைத் தொடரிசை' எனலாம். அதன் தலைமை வித்துவான் சன்னி ராலின்ஸ் என்னும் கறுப்பினத்தவர். அவர் கையிலிருந்த வாத்தியம் டெனார் சாக்ஸபோன். அத்தட்டைக் குறித்து நேயர்களோடு சிறிது பேசுவதே நமது நோக்கம். மேனாட்டுச் சங்கீதத்தால் நமக்கு ஆவதென்ன என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இது ஒரு வாடகை வீட்டைப் பற்றிய கதையுமாகும். அக்கதை இங்கு வாழும் நம்மவர்க்குப் புதியதன்று.

வாத்தியமும் வாசித்தவரும்

சாக்ஸபோனை நேயர்கள் பாண்டு வாத்தியக் கோஷ்டிகளில் பார்த்திருப்பர். பித்தளை உடல், அடியில் வளைந்து, வாய் மேல்நோக்கி விரிந்திருக்கும். பெல்ஜிய நாட்டில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் இக்கருவியை அமைத்து, 1846இல் பாரிஸ் நகரில் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். உடல் பித்தளையாயினும் அதற்கு உயிர் கொடுப்பது ஒரு நாணல் தகடு. நாகசுரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் சேர்ந்து அதிரும். இதிலே ஒற்றைத் தகடு அதிர்கிறது. பட்டாளத்துப் பாண்டுகளில் நடைபோடுவோர்க்கு ஊதிக்கொண்டிருந்த அக்கருவியைத் தம் நெஞ்சின் குரலாக மாற்றியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களே. சாக்ஸபோன் குடும்பத்தில் டெனார் என்பது கனத்த குரலுடையது. நடுவயது மனிதன் ஒருவன் அவசரமின்றித் தொண்டையைத் திறந்து பேசினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும் அதன் ஓசை.

அம்மக்கள் உலகுக்களித்த ஜாஸ் இசையின் உயிர்நிலை மனோதர்மம். ஒரு மெட்டை முதலில் வாசித்துக் காட்டுவர். பின்னர் அதன் கட்டுக்கோப்பை உள்ளத்தில் வைத்துக்கொண்டு, அந்நேரத்தில் தோன்றும் கற்பனையை வாசித்துக்கொண்டே செல்வர். நம் நாகசுர வித்துவான் ஓர் இராகத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாக வளர்ப்பதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது அவ்வளவு அந்நியமாய்த் தோன்றாது. இரண்டும் ஒன்று என்று நாம் கூறவில்லை. இலக்கணம் வேறு, வழக்கம் வேறு. ஆயினும், எழுதி வைத்ததை ஒப்பிக்காமல் எழுந்த கணத்திலே படைப்பது இரண்டிற்கும் பொது.

சன்னி ராலின்ஸ் 1930ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலே பிறந்தார். அவருடைய பெற்றோர் கரிபியன் கடலிலுள்ள வர்ஜின் தீவுகளிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அத்தீவுகள் டென்மார்க்கு அரசின் ஆட்சியில் இருந்து, 1917இல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டவை. 1848ஆம் ஆண்டு வரை அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளைக் கொண்டு வேலை வாங்கினர். தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நேயர்களில் பலருக்குச் சில நினைவுகள் எழக்கூடும். சிறுவயதில் தாயார் பாடக் கேட்ட தீவுப் பாட்டொன்றின் மெட்டை, 'செயின்ட் தாமஸ்' என்னும் பெயரால் 1956இல் ராலின்ஸ் தட்டிலே வாசித்தார். ஏழைத் தாயொருத்தியின் வாயிலிருந்த மெட்டு உலகெங்கும் சென்றது.

அவருடைய இளமை நேர்கோடாக அமையவில்லை. அக்காலத்து ஜாஸ் கலைஞர் பலரைப் பிடித்த போதை மருந்துப் பழக்கம் அவரையும் பிடித்தது, சிறைக்கும் அனுப்பியது. 1955இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரிலிருந்த அரசாங்க மருத்துவ நிலையத்தில் தாமே சென்று சேர்ந்து அப்பழக்கத்தினின்றும் விடுபட்டார். பின்னர் சிகாகோ நகரில் கூட்டித் துடைக்கும் வேலை போன்ற கூலி வேலைகளைச் செய்து, உடலும் உள்ளமும் தேறிய பிறகே மீண்டும் மேடைக்கு வந்தார். விடுதலை என்ற சொல்லைத் தம் தட்டுக்குப் பெயராக வைத்தவர், அச்சொல்லின் விலையை முதலில் தம் உடம்பிலேயே செலுத்தியவர் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

மண்டபத்தில் மரியாதை, வாசலில் மறுப்பு

1956, 1957ஆம் ஆண்டுகளில் ராலின்ஸின் புகழ் ஓங்கிற்று. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள் வெளிவந்தன. பத்திரிகைகள் அவரைப் பாராட்டின. அவர் வாசிப்பதைக் கேட்க வெள்ளையரும் கறுப்பரும் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினர். அப்பொழுது அவர் நியூயார்க்கில் குடியிருக்க நல்ல வீடொன்று வாடகைக்குத் தேடினார். கிடைக்கவில்லை. கையில் பணம் இல்லாமையால் அன்று, தோலின் நிறத்தால். பத்திரிகைகளில் எவ்வளவு பாராட்டு வந்து என்ன பயன், வாசற்படியில் நான் இன்னமும் ஒதுக்கப்பட்டவன்தானே என்று தமக்குத் தோன்றியதாகவும், அவ்வெண்ணமே இத்தொடரிசைக்கு ஒரு காரணமாயிற்று என்றும் பிற்காலத்துப் பேட்டிகளில் அவர் கூறியிருக்கிறார்.

அது எத்தகைய காலம் என்பதையும் நோக்கவேண்டும். 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்து, ஓராண்டுக்கு மேல் நடந்தே வேலைக்குச் சென்றனர். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரின் பள்ளிக்கூடமொன்றில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதற்கு ராணுவம் துணைபோக வேண்டியிருந்தது. இவை தென்பகுதியில் நடந்தவை. நியூயார்க்கோ வடக்கே உள்ளது. அங்கே 'கறுப்பருக்கு இடமில்லை' என்று தெற்கே போலப் பலகை தொங்குவதில்லை. தனியார் வாடகை வீடுகளில் நிறமும் மதமும் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்க 1957 டிசம்பரில் அந்நகர மன்றம் சட்டமே இயற்றியது. ஆயினும் என்ன? சட்டம் காகிதத்தில் இருந்தது. சாவி வீட்டுக்காரர் கையில் இருந்தது. பலகை இல்லாத மறுப்பு பலகையுள்ள மறுப்பினும் கொடியது. பலகையிருந்தால் தூரத்திலேயே கண்டு திரும்பிவிடலாம். இதிலோ படியேறிச் சென்று, முகத்தைக் காட்டிய பிறகே, வீடு போய்விட்டது என்ற சொல்லைக் கேட்கவேண்டும்.

அச்சொல்லின் சுவை நமக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன், அலுவல் காரணமாகப் பட்டணத்தில் வாடகைக்கு வீடு பார்க்க நேர்ந்தது. 'இந்தியர் வேண்டா' என்று விளம்பரத்திலேயே வெளிப்படையாகக் கண்டிருந்த வீடுகளை ஒதுக்கிவிட்டோம். அவ்வாறு ஒன்றும் கூறாத விளம்பரமொன்றைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தோம். மலாய் மொழியிலே பேச்சு நடந்தது. வாடகை, முன்பணம், வண்டி நிறுத்த இடம் யாவும் பேசி முடிந்தன; மறுநாள் வந்து பார்க்கலாம் என்றார். இறுதியாகப் பெயரைக் கேட்டார். கூறினோம். சற்றே மௌனம். பிறகு, அவ்வீட்டை வேறொருவர் கேட்டிருப்பதாகவும், அதைத் தாம் மறந்துவிட்டதாகவும் தெரிவித்தார். பத்து நாட்கள் சென்றும் அவ்விளம்பரம் அப்படியே இருந்தது. மாடி முகப்பில் செடி வைக்க இடமுண்டா என்று நம் மகள் ஆவலோடு கேட்டிருந்தாள். வீடு வேறொருவருக்குப் போய்விட்டது என்று மட்டும் அவளிடம் கூறினோம். காரணத்தைக் கூற நா எழவில்லை.

இத்தகைய அனுபவம் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. இதைப் பெரிய துன்பமென்று சொல்வதற்கில்லை, பட்டினியுமன்று, சிறையுமன்று. ஆனால் அது மனிதனைச் சிறியவனாக்கும். செலுத்தும் வரிக்கும், செய்யும் வேலைக்கும், பேசும் மொழிக்கும் மதிப்பிருக்க, பெயரைச் சொன்னவுடன் அத்தனையும் ஆவியாகப் போய்விடும். ராலின்ஸின் தட்டை நாம் முதன்முதலாகக் கேட்டது இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே. அவர் எதனால் இதை வாசித்தார் என்பதை அறிந்தபொழுது, அந்த இசை நமக்கு அந்நிய நாட்டு இசையாகத் தோன்றவில்லை.

மூவர் வாசித்த முறை

தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் 'ஃப்ரீடம் சூட்' நிரப்பியிருக்கிறது. ஏறக்குறைய 19 நிமிடம். வாசிப்பவர் மூவரே. ராலின்ஸ் சாக்ஸபோன், ஆஸ்கர் பெட்டிஃபோர்டு ஆளுயர நின்று விரலால் மீட்டப்படும் பெரிய தந்தி வாத்தியமாகிய பாஸ், மாக்ஸ் ரோச் டிரம். பெட்டிஃபோர்டு ஆப்பிரிக்க வழியும் அமெரிக்கப் பூர்வகுடி வழியும் கலந்த குடும்பத்தில் 1922இல் பிறந்தவர். இத்தட்டு வெளிவந்த ஆண்டிலேயே ஐரோப்பா சென்று, 1960இல் கோப்பன்ஹேகன் நகரில் தம் 37ஆம் வயதில் காலமானார். ரோச் 1960இல் விடுதலையையே பொருளாகக் கொண்ட 'வீ இன்சிஸ்ட்!' என்னும் தட்டைப் பாடகி ஆபி லிங்கனுடன் உருவாக்கினார். அதிலே சொற்கள் இருந்தன, பாட்டு இருந்தது. ஈராண்டு முன்னதாக, சொல்லின்றி அவ்வழியைத் திறந்தது ராலின்ஸின் தட்டு.

இங்கே பியானோ இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஜாஸ் கோஷ்டியிலே பியானோக்காரர் பல சுரங்களை ஒருங்கே ஒலித்து, மற்றவர் நடக்கவேண்டிய பாதையை நிமிடந்தோறும் காட்டிக்கொண்டிருப்பார். அது ஒரு துணை. அதுவே ஒரு கட்டுமாகும். 1957இல் 'வே அவுட் வெஸ்ட்' என்னும் தட்டிலும், வில்லேஜ் வான்கார்டு என்னும் இரவு விடுதியில் பதிவான கச்சேரியிலும் ராலின்ஸ் அத்துணையை நீக்கிவிட்டுப் பார்த்தார். இத்தொடரிசையிலும் அவ்வாறே செய்தார். சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. போன வழி தவறினால் மறைத்துவைக்கவும் ஆளில்லை. விடுதலை என்றால் இன்னதென்பதைப் பொருளிலே கூறுமுன் அமைப்பிலேயே கூறிவிட்டார் என்று நாம் கருதுகிறோம். தன் காலிலே நிற்க அஞ்சுகிறவனுக்கு விடுதலை சுமையாகிவிடும்.

முதற்பகுதி மத்திம காலத்தில் தொடங்குகிறது. மெட்டு மிகவும் எளியது. ஒரு குழந்தையும் இருமுறை கேட்டால் முனகிவிடும். அதை ராலின்ஸ் ஒருமுறை நேராகக் கூறுவார், அடுத்து அதன் வாலை வெட்டுவார், தலைகீழாக வைப்பார், நீட்டுவார், நெடுந்தூரம் போய்விட்டார் என்று நாம் எண்ணும்போது, அச்சிறு மெட்டின் ஒரு துண்டை எங்கிருந்தோ எடுத்து நீட்டி, நான் இதை மறக்கவில்லை என்பார். நீதிமன்றத்தில் வழக்குரைப்பவர் சாட்சியைப் பல கோணங்களில் திருப்பித் திருப்பிக் கேட்டு ஒரே உண்மையை நிறுவுவது போன்றது அவர் முறை. பின்னர் மூன்றடித் தாளத்தில் அசையும் சிறு இடைப்பகுதி ஒன்று வருகிறது. அதன்பின் விளம்ப காலத்தில் ஒரு பகுதி. அங்கேதான் துயரம் இருக்கிறது. ஆயினும் அழுகையில்லை. மீண்டும் அந்த மூன்றடி இடைப்பகுதி. இறுதியில் துரித காலம். குதிரையை அவிழ்த்து விட்டதுபோல் பாய்ந்து முடிகிறது. பகுதிகள் வெவ்வேறாயினும் மெட்டுகளெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலவே செவிக்குப் படும்.

நம் தெரிந்தவர்களில் தவுல் வாசிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. ரப்பர்த் தோட்டத்திலே பிறந்து, பால்மரம் வெட்டி, திருவிழாக்களில் மேளம் அடித்து மூத்தவர். அவருக்கு ஜாஸ் என்ற சொல்லே தெரியாது. ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் இத்தொடரிசையைக் கைப்பேசி வழியாகப் போட்டுக் காட்டினோம். முதலிலே முகஞ்சுளித்தார். ஐந்து நிமிடத்தில் விரல்கள் பலகையிலே தட்டத் தொடங்கின. பெட்டிஃபோர்டு தனித்து மீட்டும் இடம் வந்ததும் கைகாட்டி நம்மைப் பேசாதிருக்கச் சொன்னார். முடிந்த பிறகு கேட்டோம்.

"எப்படி இருக்குது, அண்ணே?"

"மூணே பேருதான். ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் இடம் விட்டு வாசிக்கிறாங்க, தம்பி. இடம் விடத் தெரியாதவன் மேளத்தைத் தொடக்கூடாது."

"அந்தக் குழல்காரர் ஊதுறதுல என்ன தெரியுது?"

சற்று யோசித்துவிட்டு, "கெஞ்சல் இல்லை," என்றார்.

இவ்விரண்டு விமர்சனங்களையும்விடச் சிறந்ததை நாம் எந்நூலிலும் கண்டதில்லை. கெஞ்சல் இல்லை, இடம் விடுதல் உண்டு. ராலின்ஸே தலைவர், மெட்டுகளும் அவருடையவை. ஆயினும் பல இடங்களில் அவர் வாயை எடுத்துவிட்டு மற்றவர் பேசக் காத்திருக்கிறார். ரோச் கையிலே டிரம் வெறும் தாளக் கருவியாக இல்லை. அது மெட்டின் சாயலையே திருப்பிச் சொல்கிறது. சாக்ஸபோன் விட்ட மௌனத்திலே பாஸ் வந்து அமர்கிறது. தம் உரிமையைக் கேட்க வந்த மனிதர் பிறர் உரிமையை மறக்கவில்லை.

உறையின் பின்புறம்

இத்தொடரிசைக்குச் சொல் இல்லையென்றோம். தட்டின் உறையிலே சில சொற்கள் உண்டு. ராலின்ஸ் தம் கருத்தைச் சில வாக்கியங்களில் எழுதி அதன் பின்புறத்தில் அச்சிடச் செய்தார். அமெரிக்காவின் பேச்சு வழக்கிலும், நகைச்சுவையிலும், இசையிலும் கறுப்பினத்தாரின் வேர் ஆழ்ந்திருக்கிறது; அந்நாட்டின் பண்பாட்டைத் தமதென்று கூற எவரினும் மிகுந்த உரிமையுடைய அவர்களே அங்கு ஒடுக்கப்படுகின்றனர்; இது என்ன முரண் என்பதே அவர் கூற்றின் சாரம். வசையில்லை, சாபமில்லை. இந்த வீடு என் முன்னோர் கட்டியது, என்னையா வாசலில் நிறுத்துகிறாய் என்னும் கேள்வியே அது.

இச்சில வாக்கியங்களும் அப்பெயரும் அக்காலத்தில் பொறுக்கப்படவில்லை. ரிவர்சைடு என்னும் நிறுவனம் வெளியிட்ட அத்தட்டு, பிறகு வேறு உறையில், 'ஷாடோ வால்ட்ஸ்' என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. மறுபக்கத்தில் ராலின்ஸ் வாசித்த நான்கு பிரபலமான பாட்டுகளில் ஒன்றின் பெயர் அது; 1933ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றிலிருந்து வந்த காதற்பாட்டு. விடுதலை என்ற சொல் வியாபாரத்துக்கு உறுத்திற்று, காதல் உறுத்தவில்லை. பெயரை மாற்றினர், உறையை மாற்றினர். ஆனால், உள்ளேயிருந்த 19 நிமிடத்தில் ஒரு சுரத்தையும் மாற்ற இயலவில்லை. சொல்லாக இருந்ததை எடுத்துவிட முடிந்தது. இசையாக இருந்ததை எடுக்க முடியவில்லை. சொல் இல்லாத இசை கருத்தைச் சொல்லுமா என்று நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

அம்மறுபக்கத்தையும் குறைவாக எண்ணலாகாது. நோயல் கவர்டு என்னும் ஆங்கிலேயர் இயற்றிய பாட்டும், 1957இல் நியூயார்க் நாடகமேடையில் வந்த பாட்டும் அங்கே உண்டு. எவர் இயற்றிய பாட்டாயினும் அதைத் தமதாக்கிக்கொள்ளும் தைரியம் ராலின்ஸுக்கு இருந்தது. உலகத்துப் பாட்டெல்லாம் தன் பாட்டே என்று வாசிப்பதும் விடுதலையின் ஓர் இலக்கணமன்றோ?

பாலத்தில் நின்ற மனிதர்

புகழின் உச்சியிலே, 1959ஆம் ஆண்டு, ராலின்ஸ் திடீரென்று மேடையை விட்டு விலகினார். தம் வாசிப்பு, பேசப்படும் புகழுக்கு ஈடாக இல்லை என்று அவருக்குப் பட்டது. அப்போது அவர் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் அடுக்குமாடி வீடொன்றிலே குடியிருந்தார். சாதகம் செய்ய வேண்டும். சாக்ஸபோனோ சுவரைத் துளைக்கும் ஓசையுடையது. அக்கட்டடத்தில் கருவுற்ற பெண்மணி ஒருவர் இருந்தார். அவருக்கு இடைஞ்சலாகும் என்பதை உணர்ந்து, ராலின்ஸ் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். ஈஸ்ட் ஆற்றைக் கடக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலம் அருகே இருந்தது. அதன் நடைபாதையில், ரயிலும் வண்டிகளும் இரையும் நடுவே, வானத்தை நோக்கி ஊதினார். மழையும் பனியும் பாராது, 1961ஆம் ஆண்டு வரை, நாளொன்றுக்குப் பல மணி நேரம் அங்கேயே சாதகம் செய்தார். 1962இல் மீண்டும் தட்டு வாசித்தபோது அதற்குப் 'பாலம்' என்றே பெயரிட்டார்.

இந்நிகழ்ச்சியைப் பலர் ஒரு மேதையின் விசித்திர வழக்கமென்று வியந்து கூறுவர். நமக்கு வியப்பாயிருப்பது வேறு. வீடு தர மறுக்கப்பட்ட மனிதர் ஒருவர், வீடு கிடைத்த பிறகு, பக்கத்து வீட்டார் உறங்கவேண்டும் என்பதற்காகக் குளிரிலே வெளியே நிற்கிறார்! 'என்னை எவன் மதித்தான், நான் எவனை மதிக்க?' என்று அவர் கேட்கவில்லை. தொடரிசையிலே பாஸுக்கும் டிரமுக்கும் இடம் விட்ட அதே மனம்தான் பாலத்திற்கும் அவரை நடத்திச் சென்றது. கலை வேறு, ஒழுக்கம் வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

அமெரிக்கா முழுவதிலும் வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் நிறபேதம் காட்டலாகாது என்னும் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் நிறைவேறிற்று. தட்டு வெளிவந்து பத்தாண்டுகள் கழிந்திருந்தன. 2011 மார்ச்சில் வெள்ளை மாளிகையிலே, கறுப்பினத்தைச் சேர்ந்த ஜனாதிபதி பராக் ஒபாமா கையால், நாட்டின் கலைப் பதக்கத்தை ராலின்ஸ் பெற்றார். ஒரு காலத்தில் வாடகை வீட்டு வாசலிலே மறுக்கப்பட்டவருக்கு நாட்டின் முதல் வீட்டு வாசல் திறந்தது. எனினும், எல்லா வாசல்களும் திறந்துவிட்டன என்று எண்ணிவிட வேண்டா. சட்டம் கதவுக்குப் பூட்டுப் போடாமல் தடுக்கும். உள்ளே வா என்று அழைக்கும் குரலைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது.

நம் வாசல்கள்

இனி நம்மவரைக் குறித்து ஒரு வார்த்தை. தொலைபேசியிலே வீடு மறுக்கப்பட்ட கதையை மேலே கூறினோம். அதற்குப் பின் நடந்ததையும் கூறவேண்டும். தெரிந்தவர் மூலமாக நம்மவர் ஒருவரின் வீடு வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றோம். தமிழர் ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் முழங்குபவர் அவர். அன்போடு வரவேற்றார், காப்பி வந்தது, இந்நாட்டில் நம்மவர்க்கு வீடு கொடுப்பாரில்லை என்று நம்மோடு சேர்ந்து மனம் நொந்தார். பிறகு மெதுவாக, "உங்க தாத்தா ஊர்ல எந்தப் பக்கங்க? எந்தத் தெரு?" என்று கேட்டார்.

கேள்வி எதற்கென்பது விளங்காத தமிழன் உண்டோ? "எந்தத் தெருவானாலும் வாடகை ஒண்ணுதானுங்களே, ஐயா," என்று கூறி எழுந்து வந்தோம். இரண்டு நாள் கழித்து, அவ்வீட்டிற்கு உறவினர் வருவதாகச் செய்தி வந்தது.

முன்னவர் பெயரைக் கேட்டு நிறுத்தினார். பின்னவர் தெருவைக் கேட்டு நிறுத்தினார். எவர் செய்தது கொடியது? முன்னவர் நம்மை அறியாதவர். பின்னவரோ, அந்த வலி இன்னதென்று அறிந்தவர்; அறிந்தும் செய்தார். பிறர் வாசலில் நின்று நீதி கேட்கும் வாய், தன் வாசலிலே சாதி கேட்குமானால், அவ்வாயிலிருந்து வரும் உரிமை முழக்கத்திற்கு என்ன மதிப்பு? அது கெஞ்சலாகத்தான் ஒலிக்கும். கெஞ்சல் இல்லாமல் பேசவேண்டுமானால், தன் வீட்டுக் கணக்கு நேராக இருக்கவேண்டும்.

தமிழிலே 'வீடு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். குடியிருக்கும் இல்லம் ஒன்று; அறம், பொருள், இன்பம் ஆகியவற்றிற்கு அப்பால் நான்காவதாக வைத்த விடுதலை மற்றொன்று. மறுமையிலே கிடைக்கும் வீட்டைப் பற்றி நம் முன்னோர் ஏராளமாக எழுதி வைத்தனர். இம்மையிலே, அடுத்த மனிதனுக்கு வாடகைக்கு விடும் வீட்டிலேயே அந்த வீடு தொடங்குகிறது என்பதை நாம் கற்கவேண்டியிருக்கிறது. வாடகைக்கு விட ஓர் அறையேனும் உடைய நேயர்கள், கேட்டு வருபவனிடம் ஒழுக்கத்தையும் வாடகையையும் கேளுங்கள், அது முறை. தெருவைக் கேளாதீர்கள், இனத்தைக் கேளாதீர்கள். நம்மை மறுத்தவர் இனத்தைச் சேர்ந்த ஓர் ஏழை நாளை நம் வாசலுக்கு வந்தாலும் அவ்வாறே நடந்துகொள்ளுங்கள். இடம் விடத் தெரிந்தவனுக்கே இடம் கேட்கும் தகுதி உண்டு.

இத்தட்டை இன்று எவரும் எளிதிற் கேட்கலாம், கைப்பேசியிலேயே கிடைக்கிறது. முதன்முறை கேட்கும்போது பொருள் விளங்காவிட்டால் வருந்த வேண்டா. அந்தச் சிறு மெட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது, யார் யாருக்கு இடம் விடுகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். பத்தொன்பது நிமிடம் பெரிய செலவன்று.